வீட்டுக் கொம்பியூட்டருக்கு ஒஃபிஸ்: காசு கட்ட வேணுமா?

யாழ்ப்பாணம் ரவுணில் பாவித்த லப்டொப் ஒன்று எடுத்தால் வேர்ட், எக்செல், பவர்பொயின்ற் எல்லாம் அநேகமாக அதில் போட்டுத்தான் தருவார்கள். அந்த ஒஃபிஸ் யாருடைய பெயரில் இருக்கிறது, அதற்கு யார் காசு கட்டினது என்று வாங்கினவரும் கேட்பதில்லை, விற்றவரும் சொல்வதில்லை. அதனால் காசு கட்டி வாங்குவதா, இலவசமாகக் கிடைப்பதைப் போடுவதா என்ற கேள்வி எங்கள் வீடுகளில் எழும்புவதே குறைவு. கேட்காமலே வந்த மூன்றாவது ஒன்று ஏற்கெனவே உள்ளே குந்தியிருக்கிறது.

ஓஎல் சோதனை முடிந்து பிள்ளைகளுக்கு லப்டொப் எடுக்கிற காலத்தில் எனக்குப் போன் வரத் தொடங்கும். "அண்ணை, எந்த ஒஃபிஸ் போடுறது?" தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் என்ன ரைப் பண்ணப் போகிறீர்கள் என்று யோசிக்காதீர்கள். நீங்கள் செய்கிற ஃபைலை அடுத்ததாகத் திறந்து வேலை செய்யப் போகிறவர் யார் என்று பாருங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால் காசு கட்டத் தேவையில்லை.

காசு கட்டாமல் பூட்டை உடைத்துப் போட்டுத் தருகிற அந்தக் கிராக் ஒஃபிஸை முதலில் முடித்துவிடுவோம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் பொருந்தும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பொலிஸ் வீடு தேடி வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். சரி, சட்டத்தை விடுங்கள். கிராக்கை இயங்க வைக்க 'அக்டிவேற்றர்' என்று ஒன்றை ஓட விடுவார்கள். வின்டோஸில் இருக்கிற வைரஸ் காவல் அதைத் தடுக்கும். எனவே காவலை நிறுத்திவிட்டு ஓட விடுவார்கள், அல்லது அந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்று அதற்குச் சொல்லிவிடுவார்கள். உள்ளே போனது என்ன செய்கிறது என்று போட்டுத் தந்த தம்பிக்கே தெரியாது. பிறகு அதே கொம்பியூட்டரில்தான் நீங்கள் பாங்குக் கணக்கைத் திறக்கிறீர்கள். இதை எப்படி இலவசம் என்று சொல்வது? இணையத்தில் சில டொலருக்கு விற்கிற 'கீ' என்ற திறப்பு இலக்கமும் பல வேளை இதே இனம்தான். ஏதோ ஒரு கம்பனிக்கென்று மொத்தமாகக் கொடுத்ததைப் பிரித்து விற்பார்கள். ஒரு நாள் அது வேலை செய்யாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

காசு கட்டுவதென்றால் இரண்டு வழி. ஒன்று மைக்ரோசொஃப்ட் 365 சந்தா. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் தனியாள் சந்தாவை வருடத்துக்கு 69.99 டொலரிலிருந்து 99.99 டொலருக்கும், குடும்பச் சந்தாவை 99.99இலிருந்து 129.99க்கும் ஏற்றினார்கள். கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவையும் சேர்த்துத் தருகிறோம் என்பதுதான் காரணம். வீட்டில் கடிதம் எழுதுகிறவருக்கு அது எதற்கு? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போனதைப் பார்த்த நாங்கள், டொலரை நம்பி வருடா வருடம் கட்டுகிற எதற்கும் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். மற்ற வழி ஒரேயடியாக வாங்குகிற ஒஃபிஸ் 2024. ஒரு கொம்பியூட்டருக்கு ஒன்று. 2029 ஒக்ரோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஒஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் அது 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டது. புது லப்டொப் எடுக்கிறவர்கள் பெட்டியை ஒருக்கால் பாருங்கள், சில மொடல்களுக்கு ஒஃபிஸ் சேர்ந்தே வரும். அப்படி வந்தால் இந்தப் பதிவை இத்தோடு மூடிவிடலாம்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு வழியும் இருக்கிறது. குடும்பச் சந்தாவில் ஆறு பேர் வரை சேரலாம், ஆளுக்கு ஒரு டெராபைட் ஒன்லைன் இடமும் உண்டு. கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சான், "ஈமெயிலை அனுப்பு, சேர்த்து விடுறன்" என்பார். அது ஒரே வீட்டு ஆட்களுக்கென்று கொடுக்கிற சந்தா என்பது ஒரு பக்கம். மச்சான் அடுத்த வருடம் கட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? வேர்ட் திறக்கும், வாசிக்கலாம், பிரின்ற் எடுக்கலாம், திருத்த முடியாது. ஒன்லைன் இடம் 5 ஜிபிக்குச் சுருங்கும். அதற்கு மேலே போட்டு வைத்த படங்களை இறக்கி எடுக்க ஓடித் திரிய வேண்டும். கலியாணம், செத்தவீட்டுக் கதைகளுக்கு நடுவில் "மச்சான், ஒஃபிஸ் காசு கட்டினியா?" என்று கேட்க எனக்கு வாய் வராது.

இனி, வேர்ட், எக்செல் செய்கிற வேலைகளை இலவசமாகச் செய்து தருகிற லிப்ரே ஒஃபிஸ். "சும்மா தாறது எண்டால் அதில ஏதோ பிழை இருக்கு" என்பதுதான் பெரியாட்களின் முதல் சந்தேகம். இதன் வேர் 1985இல் ஜெர்மனியில் தொடங்கிய ஒரு கம்பனியின் ஸ்டார் ஒஃபிஸ் வரை போகிறது. 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது, அடுத்த வருடம் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது, அது ஓப்பின் ஒஃபிஸ் ஆனது. 2010இல் சன், ஒராக்கிளின் கைக்குப் போனபோது, இது என்ன ஆகுமோ என்று பயந்தவர்கள் பிரிந்து போய் 'டொக்கியுமென்ற் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுபோனதுதான் லிப்ரே ஒஃபிஸ். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு ஏறக்குறைய 30,000 கொம்பியூட்டர்களை இதற்கு மாற்றப் போவதாக 2024இல் அறிவித்தது. அதே நாட்டில் மியூனிக் நகரசபை வருடக்கணக்காக இலவச மென்பொருளில் இருந்துவிட்டு, மைக்ரோசொஃப்டுக்கே திரும்புவதென்று 2017இல் முடிவெடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தேடும்போது பழைய ஓப்பின் ஒஃபிஸும் வரும். அதைப் போடாதீர்கள், அதில் வேலை நடப்பது மிகக் குறைவு. லிப்ரே ஏறக்குறைய 350 எம்பி. ஒருமுறை இறக்கினால் பிறகு இணையம் இல்லாமலே ஓடும்.

போட்டவுடன் ஒரு வேலை செய்யுங்கள். செற்றிங்கில் 'சேமிப்பது எப்போதும் வேர்ட் வடிவத்தில்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது தன்னுடைய ஓடிடி (.odt) வடிவத்தில் சேமிக்கும். பிள்ளை ரீச்சருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும், ரீச்சரின் போன் திறக்காது, பழி லிப்ரேக்கு விழும். வேர்ட் மாதிரி மேலே ரிபன் என்ற பட்டன் பட்டை வேண்டும் என்கிறவர்கள் அதையும் மெனுவில் தெரிவு செய்யலாம். மற்றவர் வாசிக்க மட்டும் போகிற எதையும், சிவியோ விண்ணப்பமோ, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வேர்ட்டில் செய்தாலும் அப்படித்தான் அனுப்ப வேண்டும். வேர்ட்டின் வழமையான எழுத்துரு நெடுங்காலம் கலிப்ரி. அதே அகலத்தில் ஓர் எழுத்துரு லிப்ரேயோடு சேர்ந்து வருவதால் வரிகள் பெரிதாக ஆடாது. 2023இலிருந்து அப்டோஸுக்கு மாறிவிட்டார்கள். அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கொம்பியூட்டரில் திறந்தாலும், பழைய வேர்ட்டே ஆனாலும், வரி நகரும், அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடும்.

இப்போது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இங்கே ஒஃபிஸ் பற்றி வருகிற முறைப்பாடுகளில் அரைவாசி உண்மையில் பாமினியைப் பற்றியது. அந்தியேட்டிக்கு நினைவு மலராகக் கல்வெட்டு அடிக்கக் கொடுத்தவர்களுக்கு இது விளங்கும். அச்சகத்தில் இருந்து ஒப்பு நோக்க ஒரு வேர்ட் ஃபைல் வரும், வீட்டில் திறந்தால் பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும். "லிப்ரே தமிழைக் குழப்பிப்போட்டுது" என்று போன் வரும். குழப்பவில்லை. பாமினியில் ரைப் பண்ணினால் உள்ளே பதிவாவது இங்கிலீஷ் எழுத்துத்தான், அந்த எழுத்துரு அதன் மேல் தமிழ் முகத்தைக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் வேர்ட்டும் அதே கூத்தைத்தான் காட்டும். பாமினியைப் போட்டால் இரண்டிலும் சரியாகும்.

இன்னொரு கூத்து இருக்கிறது. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் வேர்ட்டுக்கும் உண்டு, லிப்ரேக்கும் உண்டு. பாமினியில் சின்ன 'எஃப்' அடித்தால் 'க', பெரிய 'எஃப்' அடித்தால் 'கு'. கொம்பியூட்டர் தன்பாட்டில் திருத்த, கந்தையா குந்தையா ஆகிவிடுவார். 'மகன்' என்று தொடங்கிய வசனம் 'முகன்' என்று நிற்கும், 'அன்னார்' 'ஆன்னார்' ஆவார். காசு கட்டினவர் வீட்டிலும் குந்தையாதான். பாமினியில் அடிக்கிறவர்கள் ஓட்டோ கரெக்டில் அந்த ஒரு சரியடையாளத்தை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தமிழ் எழுத்தே உள்ளே பதிவாகிற யுனிகோடில் அடிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. லிப்ரேயில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் எழுத்துருவையும் அளவையும் அது தனித்தனியாக வைத்திருக்கும். மொழி செற்றிங்கில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் சரி போட்டு, தமிழைத் தெரிவு செய்து, நிர்மலா, லதா என்ற எழுத்துருக்களில் ஒன்றை வைத்துவிட்டால் பிறகு பிரச்சினை வராது.

அப்ப யார் காசு கட்ட வேண்டும்? வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறவர்கள் யோசிக்காமல் கட்டுங்கள். அங்கே இருந்து வருகிற எக்செலில் வேலையைத் தன்பாட்டில் செய்கிற மக்ரோ இருக்கும், வெளியிலிருந்து தரவை இழுத்து ஒழுங்குபடுத்துகிற பவர் குவெரி இருக்கும். முந்தியதை லிப்ரே பாதியில் விட்டுவிடும், பிந்தியது அதில் இல்லவே இல்லை. உழைப்புக்கான கருவி அது, காசு அதிலேயே திரும்பி வரும். கம்பஸ் பிள்ளைகள், மேற்பார்வையாளர் வேர்ட்டில் திருத்தித் திருத்தி அனுப்புகிறவர் என்றால், அவர் பாவிப்பதையே பாவிப்பதுதான் புத்தி. ஆனால் வாங்க முதல் கம்பஸ் ஈமெயிலோடு ஒஃபிஸ் வருகிறதா என்று கேளுங்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் வெளியே, சனசமூக நிலைய அறிக்கை, வீட்டுச் செலவு, பிள்ளையின் ஒப்படை, கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் என்று இருக்கிற வீட்டுக்கு லிப்ரே தாராளம். கோயில் கணக்கு, பழைய மாணவர் சங்கப் பட்டியல் மாதிரி லண்டனிலும் இங்கேயும் இருந்து ஒரே நேரத்தில் தொடுகிறவற்றை மட்டும் கூகிளில் வையுங்கள், 15 ஜிபி இலவசம்.

கடைசியாக எல்லாத் தாய்மாரும் கேட்கிற ஒன்று: "பள்ளிக்கூடத்தில வேர்ட் எக்செல்தானே படிப்பிக்கினம், பிள்ளை குழம்பாதா?" ஓஎல் தொழில்நுட்பப் பாடத்தில் வருகிற கூட்டல், சராசரி, அதிகூடியது, அதிகுறைந்தது எல்லாவற்றுக்கும் சூத்திரம் இரண்டிலும் ஒன்றேதான், ஓர் எழுத்துக்கூட மாறாது. மெனுவில் பட்டன் இருக்கிற இடம்தான் கொஞ்சம் வேறு. போனில் ஒவ்வொரு கிழமையும் புது ஆப் இறக்கி அம்மாவுக்குக் காட்டிக் கொடுக்கிற பிள்ளை, பட்டன் இடம் மாறினதால் குழம்பிப்போகும் என்று நான் நம்பவில்லை, அக்கா.