ஆண் கூலியா, பெண் கூலியா?

இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இதில் என் குழப்பம் தீர்ந்து பல வருஷம் ஆகிறது, உங்களுக்குத்தான் இப்போது தொடங்குகிறது. கிருஷ்ணகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுக்கிறேன். வீடு காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம், அம்மாவோடு. "பெங்களூர் போயிடு, அங்கெல்லாம் இது சகஜம்" என்று அக்கறையோடு எழுதுகிறவர்களுக்கு: பெங்களூர் இங்கிருந்து ரெண்டு மணி நேரம். போனேன், இருந்தேன், வாடகை கொடுத்து மாளாமல் திரும்பி வந்தேன். அந்தச் சகஜத்துக்குப் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாலினம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு, மனசு, உடுப்பு என்று ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது கூலியில்தான் ஆரம்பித்தது. மாங்காய் சீசனில் தோப்பு வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆண்கள் மரம் ஏறிக் காய் பறிப்பார்கள், பெண்கள் கீழே பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். கூலியும் ரெண்டு. பத்தாவது முடித்த லீவில் நானும் வேலைக்குப் போனேன். மரம் ஏறுவதில் எனக்குப் பயம் கிடையாது, கூட வந்த பையன்களைவிட வேகமாகவே ஏறுவேன். பெங்களூரா ரகம், காய் கனம், கிளை நுனிவரை போகவேண்டும். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது மேஸ்திரி எனக்குப் பெண் கூலி எண்ணிக் கொடுத்தார். "நானும்தானே மரம் ஏறினேன்" என்றேன். "ஏறினா? பொம்பளப் புள்ளைக்கு என்ன கூலியோ அதுதான்" என்றார்.

சில வருஷம் கழித்து முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, சட்டையும் பேன்ட்டுமாகப் போச்சம்பள்ளி பக்கம் வேறொரு தோப்புக்குப் போனேன். அந்த மேஸ்திரிக்கு என்னைத் தெரியாது. கால் சுளுக்கியிருந்ததால் அன்றைக்கு மரம் ஏறவில்லை, பெண்களோடு கீழே உட்கார்ந்து காய் பிரித்தேன். சாயங்காலம் ஆண் கூலி கொடுத்தார். பக்கத்தில் அதே வேலையை என்னைவிடச் சுத்தமாகச் செய்த அக்காவுக்குப் பெண் கூலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976லேயே சட்டம் போட்டாயிற்று. அது மாந்தோப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அப்போதிருந்து எனக்கு ஒரு எண்ணம். ஆணா பெண்ணா என்ற கேள்வியை இவ்வளவு அவசரமாகக் கேட்பதற்குக் காரணமே ரெண்டுக்கும் ரெண்டு ரேட் இருப்பதுதான். ரேட் ஒன்றாகிவிட்டால் கேட்கிறவருக்கே சலித்துவிடும்.

எங்கள் மண்ணில் இந்தக் கேள்விக்கு ஒரு கொடூரமான சரித்திரமும் உண்டு. 2004ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. நான் பிறந்தபோது எல்லாம் தருமபுரி. பெண் சிசுக் கொலைக்குப் பேர்போன பகுதி. வேண்டாம் என்கிற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லிச் சேலத்தில் 1992ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு இங்கேயும் வந்தது, வரவேண்டியிருந்தது. கருவில் இருப்பது என்ன என்று சொல்லக்கூடாதென்று 1994ல் சட்டம் போட்டார்கள். அப்படியும் ஸ்கேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொல்லிக் காசு பார்த்த கும்பல்கள் தருமபுரி மாவட்டத்தில் பிடிபட்ட செய்தியைச் சமீப வருஷங்களிலும் படித்தோம். ஆணா பெண்ணா என்பது இங்கே உயிரோடு இருக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியாக இருந்திருக்கிறது.

நான் மூணாவது பெண்ணாகப் பிறந்தேன். அப்பாவைப் பெற்ற ஆயா வந்து பார்க்கவே இல்லையாம். பக்கத்து வீட்டில் ஒரு கிழவி அம்மாவிடம் "என்ன பண்ணப்போற?" என்று மட்டும் கேட்டாளாம். அந்தக் கேள்விக்கு அர்த்தம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அம்மா அன்று ராத்திரியே என்னைத் தூக்கிக்கொண்டு பாரூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவே வந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

அப்படிக் காப்பாற்றி வளர்த்தவளிடம் போய் நான் பெண் இல்லை என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். பெரிய சண்டை வரும் என்று நினைத்திருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "பொண்ணுன்னுதான் உன்ன வேணாம்னாங்க. பொண்ணா இருந்தா இருக்கட்டும்னுதான் நான் வெச்சுக்கிட்டேன். இப்ப நீயே இல்லேங்கற." என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. ஆனால் ஒன்று சொல்லமுடியும். பெண்ணாக இருப்பது இளப்பம் என்று நினைத்து நான் அங்கிருந்து நகரவில்லை. என்னை யார் என்று யோசித்தால் அந்தச் சொல் வருவதில்லை, அவ்வளவுதான். அதைவிட ஆழமான விளக்கம் இருந்தால் நானே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

"ஆம்பளைக்குக் கிடைக்கிற சலுகைக்கு ஆசைப்பட்டு ஆம்பள மாதிரி சுத்துது" என்று என் காதுபடவே பேசுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் யோசியுங்கள். இந்த ஊரில் பெண்ணாகப் பிறந்த ஒருவர் ஆண் என்று சொல்லிக்கொண்டால் அது பிரமோஷன். சிரிப்பார்கள், அடிக்கவும் வருவார்கள், ஆனால் ஏன் என்று புரிந்துகொள்வார்கள். எனக்கு அந்தப் பிரமோஷனே வேண்டாம் என்கிறேன். அதுதான் அவர்களுக்குப் புரியவில்லை. பையனாகவும் இல்லாமல் பெண்ணாகவும் இல்லாமல் இருப்பதில் என்ன லாபம் என்று என் சித்தப்பா ஒருமுறை நிஜமாகவே கேட்டார். லாபம் எதுவும் இல்லை, சித்தப்பா.

ரேட் ஒன்றானால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அப்பா தவறியபோது வாரிசுச் சான்றுக்கு அலைந்தோம். அதில் என் பெயருக்கு நேராக 'மகள்' என்றுதான் இருக்கிறது. மாற்றச் சொல்லி நான் சண்டை போடவில்லை. ஏனென்றால் தமிழ்நாட்டில் 1989லேயே பெண் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று திருத்தம் வந்துவிட்டது, 2005ல் நாடு முழுக்க வந்தது. அந்தச் சட்டத்துக்கு முன்பு என்றால், அந்த இடத்தில் மகன் என்று இருப்பதற்கும் மகள் என்று இருப்பதற்கும் நடுவில் ஒரு தோப்பே இருந்திருக்கும். இப்போது எது எழுதியிருந்தாலும் என் பங்கு என் பங்குதான்.

அந்தப் பங்குத் தோப்பில் இப்போது வேலைக்குத்தான் கூலி. மரம் ஏறினால் ஒரு தொகை, தரம் பிரித்தால் ஒரு தொகை, யார் செய்தாலும். முதலில் வந்த மேஸ்திரி "ஊர் வழக்கத்தைக் கெடுக்காதே" என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காய் மரத்திலேயே பழுத்து நஷ்டமானது. அடுத்து வந்தவர் ஒத்துக்கொண்டார். இப்போது ரெண்டு பெண்கள் மரம் ஏறுகிறார்கள். முட்டி வலிக்காரத் தாத்தா ஒருவர் நிழலில் உட்கார்ந்து காய் பிரிக்கிறார், அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. புதுசாக வருகிறவர்கள்கூட என்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, கூலி மாறாதே.

அப்படியென்றால் ஆண் பெண் என்ற கேள்வியே எங்கும் வேண்டாமா என்றால், அப்படிச் சொல்லமாட்டேன். பெண் குழந்தைகள் குறைவதை எண்ணிப் பார்த்ததால்தானே இந்த மாவட்டங்களில் ஏதோ நடந்தது? 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்தது பக்கத்தில் தொப்பூரில்தான். அம்மாவுக்கு அந்த ஆயிரம் ரூபாய் வருகிறது. அவள் வாழ்க்கையில் யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் கணக்கில் விழும் முதல் பணம் அது. அங்கே பெண்ணா என்று கேட்டே ஆகவேண்டும்.

டவுன் பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்புறம் திருநங்கைகளையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். கடை வேலைக்கு வரும் பெண்களுக்கு மாசக் கடைசியில் அதன் அருமை தெரியும், ஓசி பஸ் என்று கிண்டல் அடிக்கிற ஆண்களுக்குத் தெரியாது. ஆனால் நான் ஏறும்போது பாவம் கண்டக்டருக்குத்தான் சோதனை. முகத்தைப் பார்ப்பார், மார்பைப் பார்ப்பார், பிறகு அதற்காகச் சங்கடப்பட்டு ஜன்னலைப் பார்ப்பார். சில நாள் இலவச டிக்கெட் கிழித்துக் கொடுப்பார்கள், சில நாள் காசு கேட்பார்கள். எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அரசாங்கக் கணக்கில் நான் எத்தனை பேரோ தெரியாது.

இந்த இடத்தில் என் பெரிய மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. மாசி அமாவாசைக்கு மயானக் கொள்ளை எங்கள் பக்கம் பெரிய விசேஷம். ஆண்கள் சேலை கட்டி, முகத்தில் சாயம் பூசி, காளி வேஷத்தில் ஊர்வலம் போவார்கள். மாமா வருஷா வருஷம் வேண்டிக்கொண்டு வேஷம் கட்டுகிறவர். கொசுவம் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள எங்கள் வீட்டுப் பெண்களாலேயே முடியாது. அவர்தான் என் சட்டையைப் பார்த்து "இதெல்லாம் நம்ம கலாச்சாரமா?" என்கிறார். அது சாமி, இது திமிர் என்பது அவர் கட்சி. நான் அவரைக் கேலி செய்யவில்லை. வேஷம் கட்டிய அன்றைக்கு அவர் முகத்தில் இருக்கும் அமைதியை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி அவரிடம் கேட்கும் தைரியம்தான் வரவில்லை.

கடைக்கு வருகிறேன். சிம் கார்டு, வண்டி இன்சூரன்ஸ், ரயில் டிக்கெட், எதைத் திறந்தாலும் பெயருக்கு அடுத்து பாலினம். வண்டி இன்சூரன்ஸுக்கு அது எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனால் அந்தக் கட்டம் ஆளையே வெளியே தள்ளிவிடும். திருநங்கையான பிரித்திகா யாஷினி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் ரெண்டுதான் இருந்தது, விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை போராடி, 2015 நவம்பரில் தீர்ப்பு வாங்கினார். 2017ல் அவர் பொறுப்பேற்றது எங்கே தெரியுமா? தருமபுரி மாவட்டத்தில். எங்கள் பக்கத்து ஆட்கள் சல்யூட் அடித்தார்கள், வானம் இடிந்து விழவில்லை.

அதற்கு முன்பே 2014 ஏப்ரல் 15ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுக்கொண்டு, தன் பாலினத்தைச் சொல்லும் உரிமை அவரவருக்கே என்றது. 2019 சட்டத்தில் ஆண், பெண் என்ற ரெண்டுக்குள்ளும் அடங்காதவர்களையும் ஊடுபால் உடலோடு, அதாவது ஆண் பெண் என்று பிரித்துச் சொல்லமுடியாத உடலோடு, பிறந்தவர்களையும் திருநர் என்ற ஒரே வரையறைக்குள் சேர்த்து எழுதினார்கள். அதே 2019ல் இன்னொன்றும் நடந்தது. குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று சொல்லமுடியாவிட்டால் கத்தியை வைத்துப் பதில் உண்டாக்கும் வழக்கத்தைத் தடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட, உயிருக்கு ஆபத்து இருந்தால் தவிர அந்த அறுவை கூடாதென்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான். பதில் தெரியாமல் கொஞ்ச காலம் இருக்கலாம் என்று ஒரு அரசாங்கமே சொன்னது.

ஆனால் நான் திருநர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை. அடுத்தவர்களுக்கு அந்த விண்ணப்பத்தை என் கையாலேயே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதைப் பற்றிக் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு திருநங்கை அக்காவுக்கும் எனக்கும் ஓயாத சண்டை. அவர் வயதில் மூத்தவர், ஓசூர் பக்கம் இருக்கிறார், வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். 2008ல் திருநங்கைகள் நல வாரியம் வந்ததற்கு முன் இருந்த நிலைமையை அவர் சொல்லக் கேட்கவேண்டும். "நாங்க அடி வாங்கி ஒரு இடம் பிடிச்சு வெச்சிருக்கோம் கண்ணு. நீ அதுலயும் உட்காரமாட்டேங்கற. 2011 சென்சஸ்ல மொத்தத் தமிழ்நாட்டுக்கே நம்ம கணக்கு 22,364தான். நீயெல்லாம் வெளிய நின்னா எண்ணிக்கை எப்படிக் கூடும்?" என்பார். எண்ணிக்கை இல்லாவிட்டால் ஒதுக்கீடு இல்லை, பணம் இல்லை. அவர் சொல்வது சரி.

எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. எனக்கு வீடு இருக்கிறது, தோப்பில் பங்கு இருக்கிறது, கடை இருக்கிறது. அவர் ரத்தம் சிந்திப் பெற்ற சலுகையில் நான் போய் வரிசையில் நிற்பது சரியாகப்படவில்லை. இதைச் சொன்னால் அவருக்கு இன்னும் கோபம் வருகிறது. "சலுகை வேணாம், கணக்குல மட்டும் வா" என்கிறார். அடுத்த கணக்கெடுப்பில் வீட்டுக்கு ஆள் வரும்போது அம்மாதான் முதலில் பதில் சொல்வாள், அவள் என்ன சொல்வாள் என்பது எனக்கே தெரியாது என்றேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அன்றைக்குத் தானே எங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்தால் என் பாடு என்ன ஆகும் என்று பார்க்கலாம்.