ஸ்வார்ட்ஃபிஷ் 1942-இல் ஓய்வு பெறவில்லை

ஸ்வார்ட்ஃபிஷ் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை பயன்படுத்திய டார்பிடோ விமானம்; அதன் வாரிசாக வந்த விமானம் அல்பகோர். "ஆங்கிலக் கால்வாயில் அடிபட்டதோடு ஸ்வார்ட்ஃபிஷ் கதை முடிந்தது, அல்பகோர் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அடிபட்டது உண்மை. 1942 பிப்ரவரி 12 அன்று பட்டப்பகலில் ஜெர்மன் போர்க்கப்பல்களைத் தாக்க எஸ்மாண்ட் என்ற விமானி தலைமையில் சென்ற 6 விமானங்களும் விழுந்தன. 18 பேரில் பிழைத்தவர் 5 பேர். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

முடிந்தது டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) போடும் வேலைதான். இந்த இரட்டை இறக்கை விமானம் அதன்பின் நீர்மூழ்கி வேட்டைக்குப் போனது. மெதுவாகப் பறக்கும் குணமே அங்கே வரமாயிற்று: தானியக் கப்பல், எண்ணெய்க் கப்பல் மேல் பொருத்திய குட்டை ஓடுதளத்திலிருந்தும் எழும்ப முடிந்தது. இறக்கைக்கு அடியில் ராக்கெட் மாட்டினார்கள். சுடும்போது இறக்கையைப் போர்த்திய துணி பற்றிக்கொள்ளுமே என்று கீழ் இறக்கையின் அடிப்பக்கத்துக்கு உலோகத் தகடு போர்த்தினார்கள். 1943 மே 23 அன்று ஆர்ச்சர் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் ஸ்வார்ட்ஃபிஷ், ராக்கெட்டால் யு-752 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை வீழ்த்தியது.

அல்பகோரோ 1943 இறுதிக்குள் பிரிட்டிஷ் கடற்படையின் முன்னணிப் பிரிவுகளிலிருந்து விலகிவிட்டது. வாரிசுக்கு முன்பே பாட்டன் போகவில்லை, வாரிசுதான் போனது! ஸ்வார்ட்ஃபிஷ் உற்பத்தி 1944 ஆகஸ்ட் வரை நடந்தது. கடைசிப் போர்ப்பிரிவு கலைக்கப்பட்டது 1945 மே மாதத்தில்.

வேகமான போர்விமானம் எதிரில் வந்தால் ஸ்வார்ட்ஃபிஷ் பாடு பரிதாபம் என்பதில் மறுப்பில்லை. 1942 ஏப்ரல் 5 அன்று திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்களையும் ஜப்பானிய ஸீரோ போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின.