கொட்டியைப் பார்த்திருக்கிறீர்களா?

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்களிடம் கேட்டேன்: மூதுரையில் வருகிறதே, "கொட்டியும் ஆம்பலும் நெய்தலும்" என்று, அதில் கொட்டி என்பது என்ன? ஒருவர் கொக்கில் ஒரு வகை என்றார். இன்னொருவர் மீன் என்றார், ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, சந்தேகமே இல்லாமல். எதிர்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மட்டும் "நீர்த்தாவரம்" என்று சரியாகச் சொன்னார். பார்த்திருக்கிறீர்களா ஐயா என்றேன். உரையில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றார்.

முப்பது ஆண்டுகள் அந்தப் பாட்டை நடத்தியவர் அவர். குறை சொல்லவில்லை. அவர் வீட்டுக்கும் ஊருணிக்கும் நடுவே ஒரு தெருதான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி, கலங்கல் தெளிந்து, கார்த்திகை பிறக்கும் நேரத்தில் கொட்டி பூக்கும். கண்மாயின் நடுவே தேடக் கூடாது. முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும் உள்வாய் ஓரத்தில்தான், அதாவது கரைக்கு உட்பக்கம் தண்ணீர் பரவும் இடத்தின் விளிம்பில்தான் இருக்கும். இலை நீளவாக்கில் ஒரு சாண் வரும், தண்ணீர்மேல் படுத்துக் கிடக்கும், நெடுக நரம்போடும். பூ என்றால் தாமரைபோல விரிந்த ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். விரல் நீளத்துக்கு ஒரு கதிர், தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி அரிசிக் குருணை அளவில் பூக்கள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தால் இரண்டே இரண்டு இதழ். வெள்ளை, சில இடங்களில் லேசான ஊதா படிந்த வெள்ளை. யாரும் பறித்துத் தலையில் வைக்க மாட்டார்கள், சாமிக்கும் சாத்த மாட்டார்கள். பூக்காரிக்குப் பயன்படாத பூ என்பதாலேயே நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் அப்பத்தாவுக்கு அது பூவே இல்லை, கிழங்கு. பங்குனி கடைசியில் கண்மாய் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கும்போது பெண்கள் குச்சியோடு இறங்குவார்கள். இலை, தண்டு எல்லாம் காய்ந்து மண்ணோடு மண்ணாகியிருக்கும். மேலே அடையாளமே இருக்காது. அப்பத்தா வெறுங்காலால் மெல்ல மிதித்துக்கொண்டே போவாள். ஓரிடத்தில் நின்று, "இங்கே தோண்டு" என்பாள். ஒரு சாண் ஆழத்தில் கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக, நார் போர்த்திய கிழங்கு கிடைக்கும். அடுப்புச் சாம்பலில் சுட்டுத் தோலை உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. உப்புக்கூட வேண்டாம். மழை பொய்த்த ஆண்டுகளில் இதைத் தின்றுதான் பிள்ளைகளை ஒப்பேற்றினோம் என்று சொல்வாள். என்னால் ஒருமுறைகூடக் காலால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை, கல்லைத்தான் மிதித்தேன்.

அந்தக் கிழங்கைக் கண்ட பிறகு எனக்கு மூதுரைப் பாட்டு வேறு மாதிரி விளங்கியது. குளம் வற்றியதும் பறவை பறந்துவிடும். கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் குளத்தோடு சேர்ந்து வாடும், அதுபோலத் துன்பத்தில் உடனிருப்பவரே உறவு. பள்ளியில் எங்களுக்குச் சொன்னது இதுதான். சேர்ந்து வாடும் என்று ஔவை சொல்லவில்லை. ஒட்டி உறுவார் என்கிறாள், அவ்வளவுதான். கொட்டி வாடிப்போவது மேலே மட்டும். உயிரைக் கிழங்கில் கட்டிவைத்துக்கொண்டு, வெடித்த மண்ணுக்கடியில் ஆறேழு மாதம் படுத்திருந்து, அடுத்த தண்ணீருக்கு முதல் ஆளாக எழுந்துவரும். ஆம்பலுக்கும் நெய்தலுக்கும்கூட அடியில் கிழங்கு உண்டு. மூன்றையும் பொறுக்கியெடுத்து ஒரே வரியில் வைத்தவள் குளக்கரையில் நின்று பாடியிருக்க வேண்டும். இது என் ஊகம்தான். தமிழறிஞர்கள் கோபித்துக்கொண்டால் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

2017-இல் தமிழ்நாட்டில் குடிமராமத்து, அதாவது ஊரார் கூடிக் குளம் கண்மாயைச் செப்பனிடுவது, என்ற பழைய பெயர் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. தூர்வார வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மண் மேடிட்ட கண்மாயில் தண்ணீர் எங்கே நிற்கும்? எங்கள் மடைக்குக் கீழே இருப்பவர்களின் நெல் அதை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் தூர்வாருவது என்றால் நமக்கு இன்று ஒரே ஒரு படம்தான் மனத்தில் இருக்கிறது: பொக்லைன் இறங்கிக் கரையோரம் வரை செங்குத்தாக வெட்டி, குளத்தைத் தொட்டிபோல ஆக்கிவிட்டுப் போவது. எங்கள் ஊருணியில் அதுதான் நடந்தது. பதினைந்தடிக்குக் குறையாத பள்ளம். நான்கு பக்கமும் கல் பாவிய செங்குத்துக் கரை. மேலே நடைபாதை, சிமெண்டு பெஞ்சு, இரவில் விளக்கு. படம் எடுத்தால் அழகாகத்தான் இருக்கிறது. தவளை கூட ஏறி உட்கார ஓரம் இல்லை.

கொட்டி இருப்பதே மேல்மண்ணில், ஒரு சாண் ஆழத்தில். பொக்லைன் முதல் அள்ளலில் அள்ளுவதே அந்த மண்ணைத்தான். நூறு கோடைகளைத் தாங்கிய கிழங்கெல்லாம் டிராக்டரில் ஏறி யாருடைய மனைக்கோ மேடு கட்டப் போய்விடுகிறது. அப்படியே நாலு கிழங்கு தப்பினாலும், பதினைந்தடி நீருக்கடியிலிருந்து மேலே வந்து இலை விரிக்க அதனால் முடியாது. பழைய முறையில் வண்டலைக் கூடையிலும் மாட்டுவண்டியிலும் எடுத்தார்கள். அவரவருக்கு வேண்டியதை அங்கங்கே எடுத்ததில் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அந்த ஒழுங்கின்மைதான் கொட்டியைக் காப்பாற்றியது. போதாக்குறைக்கு மீன் ஏலம் எடுத்தவர்கள் விடும் புல் கெண்டை, இருக்கிற நீர்ச்செடியையும் மேய்ந்து முடிக்கிறது.

"ஆண்டு முழுக்கத் தண்ணீர் நின்றால் நல்லதுதானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. சென்னையில் வண்ணமீன் கடையொன்றில் சிறிய பிளாஸ்டிக் பாக்கெட்டில் ஒரு கிழங்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். லேபிளில் அப்போனோஜீட்டன் என்று போட்டிருந்தது. கொட்டி சேர்ந்த பேரினத்தின் பெயர் அது. அப்பத்தா சாம்பலில் சுட்டதைக் காசு கொடுத்து வாங்கிவந்து தொட்டியில் வைத்தேன். ஒரே வாரத்தில் இலை விட்டது, அலையலையாக அழகாக வளர்ந்தது. ஏழாவது மாதம் இலையெல்லாம் கரைந்தது. அழுகிவிட்டது என்று தூக்கிப் போடப் போனேன். கடைக்காரர் தடுத்தார்: "சாகவில்லை சார், தூங்குகிறது. வெளியே எடுத்து ஈரமண்ணில் இரண்டு மாதம் போட்டுவையுங்கள்." தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை, ஆனாலும் அது தன் கோடையைக் கேட்டது. இந்தச் செடிக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, அதே அளவு வறட்சியும் தேவை. வற்றுகிற குளத்தைத் தோற்றுப்போன குளமாகப் பார்க்கிற நம் பார்வையில்தான் கோளாறு.

இதற்கு உலகத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட உறவுகள் இருக்கின்றன. 1782-இல் தாவரவியலாளர் லின்னேயஸின் மகன் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது, நம் கொட்டியை ஒற்றைக் கதிர் என்றும், தென்னாப்பிரிக்காவில் பூக்கும் இன்னொன்றை இரட்டைக் கதிர் என்றும் பிரித்தார். ஒற்றைக் கதிரின் இன்றைய அறிவியல் பெயர் அப்போனோஜீட்டன் நடான்ஸ், அதாவது மிதப்பது. அந்த இரட்டைக் கதிரும் கோடையில் வற்றும் குட்டைகளில் வாழ்வதுதான். கேப் பகுதி மக்கள் அதன் பூங்கதிரை ஆட்டிறைச்சியோடு சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள். அதற்காகவே பண்ணைக்குட்டைகளில் பயிரிடுகிறார்கள், சந்தையில் விற்கிறார்கள், டின்னில் அடைத்தும் கிடைக்கிறது. அந்தச் செடிக்கு அவர்கள் மொழியில் பெயர், தண்ணீர்ச் சின்னப்பூ. நம்மவர்கள் கொட்டியை மனப்பாடப் பகுதியில் வைத்துவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. தூர்வாரும்போது உள்வாய்ப் பக்கம் ஒரு இருபதடி அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் விடுங்கள். கரையைச் செங்குத்தாக வெட்டாமல் ஒரு பக்கமாவது சரிவாக விடுங்கள். நீர்க் கொள்ளளவில் குறைவது கொஞ்சம்தான், பொறியாளர்களே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

எங்கள் பெரிய கண்மாய்க்கு அடுத்த சித்திரையில் வேலை வருகிறது. ஒப்பந்தக்காரரைப் போய்ப் பார்த்தேன். தூரத்து உறவு, முறைக்குத் தம்பி. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் மதிப்பீட்டில் பூவுக்கென்று ஒரு வரி இல்லையே. அளவெடுக்க வருகிறவர் இருபதடி எங்கே என்று கேட்டால் நான் என்ன காட்டுவது?" நியாயமான கேள்விதான். பிறகு அவரே யோசித்துவிட்டு, "எந்த இடம் என்று கோடு போட்டுக் காட்டுங்கள், வண்டி ஓட்டுகிற பையனிடம் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார்.

மேலே அடையாளம் எதுவும் இல்லாத சித்திரை மாதத்தில் எங்கே கோடு போடுவது என்று காலால் மிதித்துச் சொல்ல இப்போது அப்பத்தா இல்லை. அதனால் கார்த்திகையில் பூத்தபோதே நான்கு மூலையிலும் மூங்கில் குச்சி நட்டுவைத்துவிட்டேன். ஒன்றை யாரோ தூண்டிலுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நிற்கின்றன. சுண்ணாம்புப் பொடி ஒரு மூட்டை வாங்கித் திண்ணையில் போட்டிருக்கிறேன்.