தேளின் பச்சை ஒளி நஞ்சின் அளவைக் காட்டாது

உப்புவெளியில் புற ஊதா டோர்ச் அடித்து எடுத்த தேள் படத்தின் கீழே, "பச்சையாக ஒளிர்வது நஞ்சுதான். ஒளிராத தேளைப் பயமில்லாமல் கையால் எடுக்கலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை யாரும் நம்ப வேண்டாம்.

ஒளிர்வது நஞ்சு அல்ல, தேளின் மேலோடு. அந்த ஓட்டின் மெல்லிய வெளி அடுக்கில் பீட்டா கார்போலின் போன்ற சேர்மங்கள் இருக்கின்றன. நாம் பாடசாலையில் கழியூதா என்று படித்த அதே புற ஊதா ஒளியை அவை உறிஞ்சி, ஆற்றல் குறைந்த நீலப்பச்சை ஒளியாகத் திருப்பி விடுகின்றன. டோர்ச்சை அணைத்தால் ஒளியும் நின்றுவிடும். மின்மினி அப்படியல்ல, அது தன் உடலுக்குள்ளேயே ஒளியை உண்டாக்குகிறது.

தேள் கழற்றிப் போட்ட வெறும் தோலின் மேல் அடித்துப் பாருங்கள், அதுவும் ஒளிரும். அதில் ஏது நஞ்சு? பார்க்கவே அச்சமூட்டும் பெரிய கருந்தேளும் நன்றாக ஒளிரும். ஆனால் உயிருக்கு ஆபத்தானது அதைவிடச் சிறிய, செந்நிறத் தேள்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது அந்த இரண்டாவது வரிதான். புதிதாகத் தோலுரித்த தேள் ஓடு இறுகும் வரை சரியாக ஒளிராது. கொடுக்கில் நஞ்சு அப்போதும் இருக்கும். பிள்ளைகள் மணலில் வெறுங்காலோடு ஓடும் ஊர் இது. அந்த வரியை இன்றே நீக்கிவிடுங்கள், தம்பி. கொட்டுப்பட்டால் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.