கைதட்டுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்

முதல் பாகத்தில் ஹிட்டான வசனத்தை மறுபடியும் ஒருமுறை சொல்லிவிட்டு, நாம் கைதட்டி முடிக்கட்டும் என்று சும்மா நிற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. மொக்கை ஜோக் வரட்டும், பொறுத்துக்கொள்ளலாம். கதை இல்லையா, போகட்டும். சிரிப்பே வராத இடத்தில் நம் சிரிப்புக்காகக் காத்து நிற்பது என்ன நியாயம்?

நேற்று இரவுக் காட்சி. படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு காமெடிப் படத்தின் இரண்டாம் பாகம், அவ்வளவு போதும். நீங்கள் எந்தப் படத்தை நினைத்துக்கொண்டாலும் இதே காட்சி கிட்டத்தட்ட அதில் இருக்கும். முதல் பாகத்தில் அந்த வசனம் அடி வாங்கிக்கொண்டே வரும். ஆள் மூச்சு வாங்குவார், சட்டைப் பொத்தான் தெறித்திருக்கும், பயத்தில் பாதி வார்த்தையை முழுங்கிவிடுவார். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அடி விழும். தியேட்டரே சிரித்ததில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் அந்த அடுத்த வசனமே தெரிந்தது.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருவோம். முதலில் செருப்பைக் காட்டுகிறார்கள். ஸ்லோமோஷன். அப்புறம் தோள்பட்டை. அப்புறம் பின்னந்தலை. முதல் பாகத்தில் ஒரு மூலையில் டொய்ங் என்று ஒலித்த சின்ன இசைத் துணுக்கை எடுத்து, அதற்கு நூறு மேளம் சேர்த்து, காது கிழிய அடிக்கிறார்கள். வில்லனின் ஆட்கள் இருபது பேர் சுற்றி நிற்கிறார்கள், ஒருத்தரும் நகரவில்லை. அதில் ஒருவர், அந்த வசனத்தைப் பதிலாகச் சொல்ல வசதியாக, ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்வி வந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சொல்லாதே, சொல்லாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆள் திரும்புகிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். கேமரா அருகே போகிறது. சொல்கிறார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும்படி, நிறுத்தி, நிதானமாக.

அப்புறம் நிற்கிறார்.

தியேட்டரில் ஏசி ஓடும் சத்தம் கேட்கிறது. முன்வரிசையில் யாரோ செல்போனைத் திறந்தார்கள், வெளிச்சம் அடித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பையன் "ஏன்பா அவர் அப்படியே நிக்கிறாரு?" என்று அப்பாவிடம் கேட்டான். அந்த அப்பா என்ன பதில் சொல்வார்? பதினைந்து வருடம் முன்னால் இவர் இதைச் சொன்னபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், அதை வட்டியோடு வாங்கிப்போக வந்திருக்கிறார் என்றா சொல்வார்?

அதோடு விட்டார்களா? நாம் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் திரையில் இருக்கிற ஆட்கள் சிரிக்கிறார்கள். ஒருவர் அந்த வசனத்தைத் திருப்பிச் சொல்கிறார். இன்னொருவர் "இவர் அப்போவே இப்படித்தான்" என்று விளக்கம் தருகிறார். இடைவேளைக்கு முன் அதே வசனம் இன்னொரு தடவை வந்தது. கிளைமாக்ஸில் கண்ணீரோடு வந்தது. கடைசியில் பெயர் ஓடும்போது அதை வைத்து ஒரு பாட்டே வந்தது. ஒரு நல்ல வசனத்தை இந்த அளவுக்குச் சித்திரவதை செய்ய யாருக்கு மனசு வரும்?

காமெடியின் முதல் விதியே இவர்களுக்குப் புரியவில்லை. தான் செய்வது சிரிப்புக்கிடமானது என்று அந்தப் பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது. கரகாட்டக்காரன் வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டமணிக்கு உண்மையிலேயே இன்னொரு பழம் வேண்டும். அவருக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. செந்தில் தன் பதிலில் நூறு சதவீதம் உறுதியாக நிற்கிறார். அந்தக் காட்சியில் இருக்கும் யாருக்கும் அது காமெடி கிடையாது. அதனால்தான் 1989-லிருந்து இன்று வரை நமக்கு அது காமெடி. இரண்டாம் பாகத்துக்காரர்கள் முதல் வேலையாக இந்த அறியாமையைத்தான் பிடுங்கி எறிகிறார்கள். பாத்திரத்துக்குத் தான் பிரபலம் என்று தெரிந்துவிடுகிறது. அது நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. அங்கேயே செத்துப்போகிறது.

நாய் சேகருக்கு நடந்ததை என்னால் ஆறவே ஆற்றிக்கொள்ள முடியாது. 2006-இல் வந்த தலைநகரம் படத்தில் வடிவேலு செய்த ஒரு ஓரத்துப் பாத்திரம் அவர். கதை சுந்தர்.சி-யுடையது. ரவுடிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும்போது, தன்னை விட்டுவிட்டார்களே என்று பதறி, தானும் ரவுடிதான் என்று போலீஸிடம் மன்றாடி வண்டியில் ஏறுகிற மனிதர் அவர். ஊரே ஒதுங்கி ஓடுகிற ஒரு பட்டத்துக்காக ஒருவர் கெஞ்சுகிறார். வடிவேலு அந்தக் காட்சியில் சிரிப்பு மூட்ட முயலவே இல்லை. அங்கீகாரம் கேட்டு அழுகிற ஒருவரைக் காட்டினார். வேலையிலும் வீட்டிலும் தன்னை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று புழுங்கிக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் அதில் தன்னைப் பார்த்தார்கள். 'நானும் ரவுடிதான்' என்ற அந்த வசனம் ஊர் வழக்காகி, 2015-இல் வேறொரு படத்துக்கே தலைப்பானது.

அதை என்ன செய்தார்கள்? 2022 ஜனவரியில் சம்பந்தமே இல்லாத ஒரு படம் நாய் சேகர் என்ற பெயரோடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், தலைநகரத்தை இயக்கிய சுராஜே வடிவேலுவை வைத்து நாய் சேகர் ரிட்டர்ன்ஸ் கொண்டுவந்தார். 2023-இல் தலைநகரம் 2 வந்தது, அதில் சுந்தர்.சி இருந்தார், வடிவேலு இல்லை. ஒரு படத்தை இரண்டாகக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். கேட்க நாதியில்லை.

அந்த ரிட்டர்ன்ஸ் படத்துக்காக நாம் எப்படிக் காத்திருந்தோம்! வடிவேலு திரையில் இல்லாத அந்த வருடங்களில், மீம் இல்லாமல் ஒரு நாளாவது போனதா? சந்தோஷமா, அவர் முகம். கடுப்பா, அவர் முகம். சம்பளம் வந்த நாளுக்கும் தீர்ந்த நாளுக்கும் அவர் முகம். அப்படிப்பட்ட மனிதர் திரும்பி வரும்போது எழுதி வைத்த கதை, பணக்காரர்களின் நாய்களைத் திருடுகிற ஒருவரைப் பற்றியது. பெயரில் நாய் இருக்கிறது, ஆகவே படத்திலும் நாய். பழைய நாய் சேகரிடம் நமக்குப் பிடித்தது நாயா? பட்டம் கிடைக்காத தவிப்பு அல்லவா? அந்தத் தவிப்பை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கதாநாயகனாகி, பாட்டும் நடுச்சட்டகமும் கிடைத்துவிட்ட ஆள் எதற்கு யாரிடம் கெஞ்ச வேண்டும்?

வடிவேலு மேல் எனக்கு ஒரு துளிக் கோபமும் இல்லை. அவரைத் தனியாக நிற்க வைத்தவர்கள் மேல்தான் கோபம். காமெடி ஒற்றை ஆள் வேலை கிடையாது. வின்னர் படத்துக் கைப்புள்ளைக்குப் பின்னால் ஒரு சங்கமே நின்றது. அடி விழுந்ததும் அதைப் பார்த்து முழிக்கிற முகங்கள், நைஸாக நழுவுகிற கால்கள், தேவையில்லாத நேரத்தில் உண்மையைச் சொல்கிற வாய்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சிரிப்பு. வடிவேலுவோடு படம் படமாக நின்ற முகங்களில் பல இன்று உயிரோடு இல்லை. மயில்சாமி போனார், மனோபாலா போனார், அல்வா வாசு போனார். இவர்கள் விட்டுப்போன இடத்தில் யாரை நிறுத்தப் போகிறோம் என்று யோசிக்காமலே போஸ்டர் ஒட்டுகிறார்கள்.

அமைதிப்படைக்கும் இதே கதிதான். அதை இயக்கிய மணிவண்ணன் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை, அதனால்தான் இதைச் சொல்ல வலிக்கிறது. 1994 படத்தில் ஓட்டு எண்ணும் காட்சியை யார் மறப்பார்கள்? முன்னிலை ஏற ஏற, சத்யராஜ் உட்காரும் விதம் மாறிக்கொண்டே வரும். பக்கத்தில் இருக்கும் மணிவண்ணனுக்கு மெல்ல மெல்ல விஷயம் புரியும். ஒரு அடிமை எஜமானாகிறதை உட்காரும் தோரணையிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். அத்தனை சிரிப்பும் அந்த ஏறும் படிக்கட்டில்தான் இருந்தது, சத்யராஜின் அமாவாசை நாகராஜ சோழன் ஆகிற வழியில். 19 வருடம் கழித்து 2013-இல் நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. வந்தபோது, ஆள் ஏற்கெனவே உச்சியில் உட்கார்ந்திருந்தார். ஏறுவதற்குப் படி இல்லை. அதே நக்கல் இருந்தது, அதே இரண்டு பேர் இருந்தார்கள், அந்த ஏற்றம் மட்டும் இல்லை.

தமிழ்ப்படம் பற்றி என்னோடு பலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். 2010-இல் சி.எஸ்.அமுதன் கிண்டல் செய்தது தமிழ் சினிமாவின் பழக்கவழக்கத்தை. ஆண் குழந்தை பிறந்தால் மசாலா ஹீரோவாகிவிடும் என்று பயந்து கொல்கிற ஊர் என ஆரம்பித்தார் பாருங்கள், அது ஒரு படத்தைக் குறி வைத்து மட்டும் வந்த கிண்டல் இல்லை, நாம் தலைமுறையாக விழுங்கி வந்த ஹீரோ வழிபாட்டின் மேலேயே விழுந்த அடி. 2018-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கிண்டல் காட்சி காட்சியாகச் சுருங்கிவிட்டது. இது இந்தப் படம், அது அந்தப் படம் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டாகிவிட்டது. அடையாளம் தெரிந்ததும் சிரிக்கிறோம், தெரியாவிட்டால் பக்கத்து சீட்டைக் கேட்கிறோம். ஓடியது, பணம் வந்தது. முதல் படத்தில் இருந்த துணிச்சல் வரவில்லை.

சூது கவ்வும் 2 பற்றி என்ன பேச? நலன் குமாரசாமி இயக்கவில்லை, விஜய் சேதுபதி நடிக்கவில்லை, 11 வருடம் கழித்து அந்தப் பெயர் மட்டும் வருகிறது. கலகலப்புவில் கும்பகோணத்து ஓட்டல் ஒன்று இழுத்து மூடப்படும் நிலையில் தவிக்கும், அந்தத் தவிப்பில் நான்கு பேர் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். இரண்டாம் பாகத்தில் அந்த ஊரும் இல்லை, ஓட்டலும் இல்லை. அப்புறம் எதற்கு அந்தப் பெயர்? காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். புதுப் பெயரை மக்கள் மனதில் பதிய வைக்க வேலை செய்ய வேண்டும். பழைய பெயருக்கு அந்த வேலை மிச்சம். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு நாம் பழைய பாசத்தில் போய் உட்கார்ந்துவிடுவோம். திங்கட்கிழமை படம் காலியானாலும், நம் பாசத்துக்கு விலை வாங்கியாயிற்று.

இரண்டாம் பாகம் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லாதீர்கள், அதைக் கேட்டால்தான் இன்னும் கோபம் வருகிறது. மலையாளத்தில் செய்து காட்டினார்கள். 1987-இல் நாடோடிக்காற்று. துபாய் என்று நம்பி நம் சென்னைக் கடற்கரையில் வந்து இறங்குகிற தாசனும் விஜயனும். அடுத்த வருடமே பட்டணப்பிரவேசம் வந்தது. 1990-இல் அக்கரே அக்கரே அக்கரேயில் இருவரையும் அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். பதினைந்து வருடம் ஊறப் போடவில்லை. அதே ஸ்ரீனிவாசன் எழுதினார். மூன்றாம் படத்துக்கு இயக்குநரே மாறினார், ஆனால் தாசனின் வீண் பெருமையும் விஜயனின் வயிற்றெரிச்சலும் மாறவில்லை. மாட்டிக்கொள்கிற இடம் மட்டும் புதுசு.

இந்தியில் ராஜ்குமார் ஹிரானி என்ன செய்தார்? முன்னாபாய் 2003-இல் மருத்துவக் கல்லூரியில் புகுந்து கலக்கினார். 2006-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆஸ்பத்திரியே கிடையாது, முன்னாவின் கண்ணுக்குக் காந்தி தெரிய ஆரம்பித்துவிடுகிறார். முதல் படத்தில் டாக்டராக வந்து மிரட்டிய பொமன் இரானி இதில் முற்றிலும் வேறு ஆளாக வருகிறார். முன்னாவும் அவர் கூட்டாளி சர்க்யூட்டும் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கிற பாசத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் துணிந்து விட்டுவிட்டார். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரிந்திருந்தது. நம் ஊரில் விட வேண்டிய வசனத்தை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டிய ஆளை விட்டுவிடுகிறார்கள்.

24ஆம் புலிகேசி நின்றுபோனதில் எனக்கு வருத்தம் இருந்தது. அறிவித்து, செட் போட்டு, தகராறாகி, பஞ்சாயத்தாகி, கடைசியில் கைவிட்டார்கள். இப்போது யோசித்தால் நிம்மதியாக இருக்கிறது. ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த சிம்புதேவன், 2006-இல் வடிவேலுவை வைத்து எடுத்த இம்சை அரசன் 23ஆம் புலிகேசி என்ற ராஜா கதைக்குள் குளிர்பான விளம்பரத்தைக் கிழித்தார். சாதிச் சண்டைக்கு அரசாங்கமே மைதானம் கட்டிக்கொடுக்கிற மாதிரி எடுத்தார். மனோரமாவும் நாகேஷும் இருந்தார்கள். இன்று இருவரும் இல்லை. அந்த மைதானக் காட்சியை இன்று எடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? மீசையையும் மங்குனி அமைச்சரையும் மட்டும் திரும்பக் கொண்டுவந்து, நடுவில் கைதட்டலுக்கு இடம் விட்டிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

சரி, புதுசு வேண்டாம், பழைய படத்தையே வீட்டில் போட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இணையத்தில் காசு கட்டிப் பார்க்கிற தளத்திலேயே படம் மங்கிப்போய்க் கிடக்கிறது. மேலும் கீழும் வெட்டி, நடிகர்களின் நெற்றியையே காணோம். டிவியில் போடுகிற பிரதியில் வசனத்துக்கு நடுவே பீப் அடிக்கிறார்கள். காமெடி சேனல்களில் அடி விழுகிற இடத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள், அந்த அடிக்காகப் பத்து நிமிடம் கட்டி எழுப்பியதைத் தூக்கிவிடுகிறார்கள். நல்ல பிரதி ஒன்றைத் தேடி எடுத்து, தூசி தட்டி, வண்ணம் சரிசெய்து, சத்தத்தைச் சுத்தம் செய்து வெளியிட இவர்களுக்கு நேரமில்லை. மூன்றாம் பாகத்துக்குப் பூஜை போட மட்டும் நேரம் இருக்கிறது.

அந்த பூஜைச் செலவில் பாதியை எடுத்து அமைதிப்படையின் ஒரு சுத்தமான பிரதியைக் கொண்டுவாருங்கள். தியேட்டரில் போடுங்கள். முழு டிக்கெட் காசு கொடுத்து, குடும்பத்தோடு வந்து உட்காருகிறேன்.