எல்லாருமே சிஸ்டர்தானா?

பெரியாஸ்பத்திரி வார்டுல யூனிஃபார்ம் போட்ட யாரைப் பார்த்தாலும் நம்மூர்ல 'சிஸ்டர்'தான். தரை துடைக்கிறவங்ககிட்டப் போய், "டிரிப் தீந்துருச்சு, மாத்துங்க"ன்னு நின்னா அவங்க என்ன செய்வாங்க?

ஆம்பள நர்ஸ் வந்தா 'கம்பவுண்டர்' ஆயிடுறாரு. அது மருந்து கலக்குற வேலைய்யா!

கிராமத்துக்குத் தடுப்பூசி போட வர்ற நர்ஸம்மா படிக்கிறது 2 வருஷ ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவம் பாக்குறவங்க) படிப்பு; வார்டு நர்ஸுக்கு டிப்ளமோன்னா 3, பி.எஸ்சி.ன்னா 4 வருஷம். 500 மில்லி டிரிப்பை 4 மணி நேரத்துல ஏத்தணுமா? 20 சொட்டு 1 மில்லிங்கிற டிரிப் குழாய்ல நிமிஷத்துக்கு 42 சொட்டுன்னு கணக்குப் பார்த்து, குழாய்ல இருக்கிற வேகம் கூட்டிக் குறைக்கிற உருளையை உருட்டி வைப்பாங்க. அவங்க அந்தப் பக்கம் போனதும், பார்க்க வந்த மாமா ஒருத்தரு "சீக்கிரம் முடியட்டும்"னு தொறந்துவிடுவாரு. இதயம் பலவீனமான ஆளுக்கு நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு இழுக்கும். மாட்டிக்கிறது சிஸ்டர்.

சங்கப்பாட்டுல செவிலின்னா தலைவியை வளர்த்த தாய். இங்க "ஏ நர்சு"ன்னு கைதட்டிக் கூப்புடுறாய்ங்க.