ஒரு ஸ்லிப் டெஸ்டுக்காக என் பிள்ளையின் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்கள்

மூன்று நாளாக மனசு ஆறவில்லை. இங்கே கொட்டித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன்.

என் மகள் பத்தாம் வகுப்பு, மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து கோ-கோ ஆடுகிறாள். குறுவட்டப் போட்டியில் இந்த வருஷம் அவள் டீம் ஜெயித்தது, அடுத்தது வருவாய் மாவட்ட அளவிலான போட்டி. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. போட்டிக்கு முந்தின நாள் சாயந்திரம் நாலரை மணிக்குக் கூப்பிட்டு, "டென்த் பிள்ளைங்க மூணு பேரும் நாளைக்குப் போக வேண்டாம், சயின்ஸ் ஸ்லிப் டெஸ்ட் இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். காலாண்டுத் தேர்வு என்றால்கூட ஏதோ காரணம் என்று வாயை மூடிக்கொண்டிருப்பேன். 25 மார்க்குக்கு ஒரு ஸ்லிப் டெஸ்ட், அதை மறுநாள் வைத்தால் குடியா முழுகிவிடும்?

கோ-கோ ஆடியவர்களுக்குத் தெரியும், எட்டு பேர் உட்கார்ந்திருக்க ஒருத்தி துரத்துகிற ஆட்டம் அது, ஆனால் ஒன்பது பேருக்கும் ஒரே மூச்சு இருக்க வேண்டும். முதுகில் கை பட்டு "கோ" என்று காதில் விழுந்த நொடியில் எழுந்து பாய்ந்திருக்க வேண்டும். பின்னால் வருகிறவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று பார்க்காமலே தெரிய வேண்டும், அதற்கு வருஷக்கணக்கில் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும். என் பிள்ளை கம்பத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பை அப்படியே தரையோடு வீசி எதிராளியைத் தொடுவாள், அதை "போல் டைவ்" என்பார்கள். அதைப் பழகின காலத்தில் இரண்டு முழங்காலிலும் தோல் இருக்காது. ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிவிடும்போது பல்லைக் கடித்துக்கொள்வாளே தவிர, நாளைக்குப் போகவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் இடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் சுற்றிலேயே தோல்வி. அந்தச் சின்னப் பிள்ளை தன்னால்தான் தோற்றோம் என்று வேனில் திருவாரூரிலிருந்து அழுதுகொண்டே வந்ததாம். அந்த அழுகைக்கு யார் பதில் சொல்வது?

ஹெச்.எம். மேடத்துக்குப் போன் பண்ணினேன். "பேரண்ட்ஸ்தாங்க ரிசல்ட் கேட்கறாங்க, நாங்க என்ன பண்றது? பப்ளிக் எக்ஸாம் முடியட்டும், அப்புறம் ஆடட்டுமே" என்கிறார். எந்த அப்புறம்? பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிறீர்கள், பன்னிரண்டில் விடிகாலையும் ராத்திரியும் ஸ்பெஷல் கிளாஸ், 17 வயதுக்குட்பட்டோர் பிரிவு அவளுக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்?

எங்கள் ஊரில் வருஷத்தில் எத்தனை மாதம் மைதானத்தில் கால் வைக்க முடியும் என்று இவர்களுக்குத் தெரியாதா? ஐப்பசி பிறந்துவிட்டால் மைதானமும் வயலும் ஒன்றுதான், கணுக்கால் தண்ணீர். அது வடிந்து தரை காய்வதற்குள் பொங்கல் வந்துவிடும், பொங்கல் முடிந்தால் ரிவிஷன், அப்புறம் பப்ளிக். ஆக, ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கிற சமயத்திலிருந்து தீபாவளி மழைக்கு முன்னால் வரைக்கும்தான் பிள்ளைகளுக்கு ஓடியாடக் காலம். அந்த நாலு மாதத்தையும் ஸ்லிப் டெஸ்ட் வைத்துத் தின்றுவிட்டால் எப்போதுதான் ஆடுவார்கள்?

இன்னொன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் கட்டின ஃபீஸ் ரசீதை எடுத்துப் பார்த்தேன். டியூஷன் ஃபீஸ், புத்தகம், வேன், அதற்குக் கீழே "ஸ்போர்ட்ஸ் அண்ட் ஆக்டிவிட்டி" என்று தனி வரி, 3,500 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டின பணம் அது. டைம் டேபிளில் வாரத்துக்கு இரண்டு பி.இ.டி. பீரியட், ஒரு மன்றப் பீரியட். மூன்றிலும் கணக்கோ சயின்ஸோதான் நடக்கிறது. பசுமைப்படைக்கு ஜூன் 5 அன்று ஒரு கன்று நட்டு போட்டோ, இலக்கிய மன்றத்துக்கு ஒரு திறப்பு விழா போட்டோ, ஜூனியர் ரெட் கிராஸுக்கு ஒரு பேட்ஜ், அவ்வளவோடு வருஷம் முடிந்தது. நடக்காத வகுப்புக்குக் காசு வாங்குவதற்கு என்ன பெயர்?

இத்தனைக்கும் கோ-கோவுக்குச் செலவே கிடையாது. இரண்டு கம்பம், கோடு போடக் கொஞ்சம் சுண்ணாம்புப் பவுடர், அது போதும். 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது, இந்திய ஆண்கள், பெண்கள் இரண்டு டீமும் இறுதியில் நேபாளத்தை ஜெயித்துக் கோப்பையை வாங்கின. மறுநாள் அசெம்பிளியில் அதைச் சொல்லிக் கைதட்ட வைத்தது இதே பள்ளிதான்! விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் தனி இடம் இருக்கிறது. அது எதுவும் கிடைக்காவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. மைதானத்திலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்குமே, அது போதும் எனக்கு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் எத்தனை நாள் பள்ளி இல்லை, கரண்ட் இல்லை. கொரோனாவில் 2020, 2021 இரண்டு வருஷமும் பத்தாம் வகுப்புப் பரீட்சையே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். அந்தப் பிள்ளைகள் எல்லாம் படித்து ஆளாகவில்லையா? ஒரே ஒரு நாள் போட்டிக்குப் போய்விட்டு வந்தால்தான் படிப்பு கெட்டுவிடுமா?

பெற்றோர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். மற்ற இரண்டு பிள்ளைகளின் அம்மாக்களிடம் சேர்ந்து போய்க் கேட்கலாம் என்றேன். ஒருவர், "வயசுப் பொண்ணு, இனிமே எதுக்குங்க ஓட்டமும் ஆட்டமும்" என்றார். இதே வார்த்தையைத்தான் நான் பத்தாவது படித்தபோது என் அப்பாயி சொல்லி, என் கையிலிருந்த வளையப்பந்தைப் பிடுங்கிப் பரணில் போட்டார். முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அதே வார்த்தை. கபடி என்றாலே வடுவூரைச் சொல்கிற பகுதி இது. பையன்கள் ஜெயித்து வந்தால் தோளில் தூக்குகிறீர்களே, பெண் பிள்ளைகள் ஆடினால் மட்டும் ஏன் உறுத்துகிறது?

பி.டி. சாரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் மூன்று பிள்ளைகளுக்காகவும் ஆபீஸ் ரூம் வாசலில் ஒரு மணி நேரம் நின்று கெஞ்சியிருக்கிறார், பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

ஸ்லிப் டெஸ்டில் 25-க்கு 22 வாங்கியிருக்கிறாள். பேப்பரை என்னிடம் காட்டக்கூட இல்லை, சாமி மாடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நேற்று டீம் ஜெர்சியைத் தானே துவைத்து, மடித்து, பி.டி. சாரிடம் கொடுத்துவிடு என்று தோழியிடம் அனுப்பிவிட்டாள். நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

வருகிற சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். அந்த ஃபீஸ் ரசீதையும் டைம் டேபிளையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு எத்தனை பி.இ.டி. பீரியட் நடந்தது என்று தேதி வாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லப்போகிறேன். கொடுக்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.